சமதரை

மத்தியானம் இரண்டே கால்.
தளிப் பக்கத்துப் பையன், வயது ஆறு.
முன்கை வளைந்து, அட்டையில் கட்டி,
இரண்டு பஸ் மாறி கிருஷ்ணகிரிக்கு வந்திருந்தான்.
"எங்கே விழுந்தான்?"
"இஸ்கூல் மைதானத்துல, மேடம்."
எழுதிக்கொண்டேன்: பள்ளி மைதானம்.

எங்கள் எடை மெஷினில் முள்
அரைக் கிலோ முன்னாலேயே நிற்கும்.
கழித்துப் போட்டேன். இருபத்திரண்டு.
ராயக்கோட்டையில் பஸ் நின்றபோது
அழுகையை அடக்க வாங்கித் தந்த
பன்னும் டீயும் வயிற்றில் இருந்தன.
காத்திருக்கலாம் என்றால்
விரல் நுனி சில்லென்றிருந்தது, நாடி தட்டுப்படவில்லை.

நிறைந்த வயிற்றுக்கு ஸ்கோலின்.
குப்பியின் பெயரைச் சத்தமாகப் படித்தேன்.
ஜபருல்லா திரும்பப் படித்தார்.
நாற்பத்து நான்கு மில்லிகிராம்.
அவர் கணக்கும் அதுதான்.

தியேட்டர் வாசலில், ஸ்ட்ரெச்சரை விடாமல்
அப்பா திம்மராயன் போர்வையை விலக்கிக் காட்டினார்:
"கெண்டைக்காலப் பாருங்க மேடம், கல்லு மாதிரி.
எருது விடுறப்ப முன்னால ஓடுற காலு இது."
சிரித்தேன்.
அந்தச் சிரிப்பை எங்கே வைப்பதென்று
இன்னும் தெரியவில்லை.

சதை துடித்தது, அடங்கியது, குழாய் இறங்கியது.
நல்லபடியாக என்று
நினைக்கக்கூட இல்லை, அப்படிப் பழகிப்போன வேலை.
மானிட்டரில் பச்சைக் கோடு
கூடாரம் கூடாரமாய் எழும்பியது.
கூடாரங்கள் அகன்றன.
பிறகு காற்றில்லாத காலையில்
அணைத் தண்ணீர் கிடக்குமே, அப்படி.

சர்ஜன் கையை விட்டார், மார்பைப் பிடித்தார்.
"கால்சியம்" என்றேன்.
அலமாரி பூட்டியிருந்தது.
சாவி அருள்சீலி சிஸ்டர் இடுப்பில்,
சிஸ்டர் கீழே மருந்துக் கிடங்கில்.
ஜபருல்லா எதுவும் கேட்கவில்லை.
ஆக்சிஜன் ஸ்பேனரால் கண்ணாடியை உடைத்தார்.

சர்ஜனிடமிருந்து மார்பை வாங்கிக்கொண்டேன்.
என் கை அமுக்க, வாய் எண்ண,
எண்ணிக்கைக்கு நடுவே அந்தக் கால் வந்தது.
கல்லு மாதிரி.
மைதானத்தில் கல் இருந்ததா? குழி இருந்ததா?
யாராவது தள்ளினார்களா?
இடத்தைக் கேட்டு எழுதிய நான்
ஆறு வயதுப் பிள்ளை
சமதரையில் ஏன் விழுந்தான் என்று
கேட்கவே இல்லை.

கால்சியம் போனது. குளுக்கோசில் இன்சுலின் போனது.
மறுபடியும் கால்சியம்.
பத்தொன்பதாவது நிமிடம்
ஒரு முள் எழுந்தது.
நெடுநேரம் கழித்து, அதன் ஜோடி.
யாரும் பேசவில்லை. ஜபருல்லாவின் உள்ளங்கையிலிருந்து
ரத்தம் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது,
அதை அவரும் பார்க்கவில்லை.

வெளியே கெம்பம்மா.
இடுப்பில் கைக்குழந்தை.
"உயிரோட இருக்கான்" என்று முதலில் சொன்னேன்.
நடந்ததை, என் மருந்தால் நடந்தது என்பதை, பிறகு சொன்னேன்.
அதற்கும் பிறகு கேட்டேன்,
"கீழே உக்காந்தா எப்படிம்மா எழுந்திருப்பான்?"

குழந்தையைப் புருஷனிடம் கொடுத்தாள்.
வார்டு தரையில் உட்கார்ந்தாள்.
கைகளை ஊன்றிப் பின்புறத்தைத் தூக்கி,
முழங்காலைப் பிடித்து, தொடையைப் பிடித்து,
தன் உடம்பின் மேலேயே
ஒவ்வொரு படியாய் ஏறி நின்றாள்.
"நடக்க ஆரம்பிச்சதுலேர்ந்து இப்படித்தான்.
ஏணி ஏறுறான்னு வூட்ல சிரிப்போம்.
முன்னயே கேட்டிருந்தா
காட்டியிருப்பேனே, மேடம்."

எங்கள் படிவத்தில் பதினோரு கேள்விகள்.
இழுப்பு உண்டா, வலிப்பு உண்டா, பல் ஆடுகிறதா.
இப்போது ஒவ்வொன்றின் கீழும்
பேனாவால் பன்னிரண்டாவதை எழுதுகிறேன்.
அச்சில் வர சென்னையிலிருந்து உத்தரவு வேண்டுமாம்.
வரட்டும்.
அலமாரிக்கு இன்னும் கண்ணாடி போடவில்லை,
போட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

அன்று சாயங்காலம் கெம்பம்மா கேட்டது ஒன்றே:
"கை கூடிடுமா?"
"கூடிடும்" என்றேன்.
சதையைப் பற்றி, வரப்போகும் வருஷங்களைப் பற்றி,
வேலூருக்கு எழுதிய கடிதத்தைப் பற்றி
நாளைக்குச் சொல்லலாம்.
சிவப்பு மையில் ஓர் அட்டை எழுதிக் கொடுத்தேன்.
முனிரத்தினம், ஆறு வயது. ஸ்கோலின் கூடாது.
எந்த ஆஸ்பத்திரி போனாலும் முதலில் இதைக் காட்டணும்.

வாங்கி ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள்.
இடுப்பிலிருந்தவன் எட்டி
என் பேனாவைப் பிடுங்கப் பார்த்தான்.
குண்டுக் கால்கள், உதைத்துக்கொண்டே.

இன்னோர் அட்டையை எடுத்தேன்.
"இவன் பேரு என்னம்மா?"